நிற்கத் தெரிந்த பிறகு ஓடட்டும்!
(வாசகர் கேள்வி-பதில்: வீட்டில் கட்டிய காரும் பிரேக்கும்)

கேள்வி: கடையில் முழுக் காரே கிடைக்கிறது. பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டுகிற ‘கிட் கார்’ யாருக்கு வந்த யோசனை?
– வாசகர், மதுரை

பதில்: வரி கட்டப் பிடிக்காதவர்களுக்கு! இங்கிலாந்தில் 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இந்த வகையில் பேர்போனது. முழுக் காருக்கு பர்சேஸ் டாக்ஸ் உண்டு, உதிரிப் பாகமாக வாங்கினால் கிடையாது. ‘பூட்டுவது எப்படி’ என்று கையேடு கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், ‘கழற்றுவது எப்படி’ என்று எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து படித்துப் பூட்டிக்கொண்டார்கள். 1973-இல் வாட் வந்து சலுகையைத் தின்றுவிட்டது. ஆசை மட்டும் மிச்சம்.

கேள்வி: பழைய ஃபோர்டு சியராவின் பிரேக்கை அப்படியே என் செவன் மாதிரி காரில் மாட்டியிருக்கிறேன். பெரிய வண்டியை நிறுத்தியது சின்ன வண்டியை நிறுத்தாதா?
– வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: நிறுத்தும். எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்பதில்தான் சிக்கல். சியரா ஒரு டன்னுக்குக் குறையாது. உங்களுடையது 600 கிலோவைச் சுற்றி இருக்கும், உயரமும் குறைவு. முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்ற பங்கீடு இரண்டுக்கும் ஒன்றாக இருக்காது. முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வால் தலையை முந்தும். இரண்டில் முன்னது தேவலை. உங்கள் ஊர் ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) சோதனையிலும் முன் சக்கரம் முதலில் லாக் ஆகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர் வைத்து, நடுவே பேலன்ஸ் பார் போட்டால் மரையைத் திருகியே பங்கை மாற்றலாம். சியராவின் பூஸ்டரை இடமில்லை என்று கழற்றியிருந்தால் இனி எல்லாம் உங்கள் கால் பலம். அதே மிதிக்கு முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரைவிட 5/8 அங்குலத்தில் அழுத்தம் 44 சதவீதம் கூடும். இலவசமில்லை, பெடலும் அதே கணக்கில் கூடுதலாக உள்ளே போகும்.

கேள்வி: டப்பா டப்பாவாக பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாயிற்று. பெடல் இன்னும் மெத்தென்றே போகிறது. ஆயில் போலியா?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: ஆயிலைத் திட்டுவதற்கு முன் குனிந்து காலிபரைப் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே என்றால் இடது காலிபர் வலதிலும் வலது இடதிலும் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் இரண்டு பக்கமும் சமத்தாகப் பொருந்தும், அதுதான் வம்பு. காற்று மேலே தேங்கும், நீங்கள் கீழே திறந்து ஆயிலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: ஏர் எடுக்க மனைவியை பெடல் மிதிக்கச் சொன்னேன். இப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.
– வாசகர், திருச்சி

பதில்: ‘ம்’, ‘சரி’, ‘ஆச்சு’ என்று ஆளுக்கொன்று சொல்லியிருப்பீர்கள். மூன்றே சொல் போதும். நீங்கள் ‘மிதி’ என்றால் அவர் மிதித்து, ‘மிதிச்சாச்சு’ என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் நிப்பிளைக் கால் சுற்று திறக்கலாம். அதில் மாட்டிய குழாயில் குமிழி ஓடும். நிப்பிளை இறுக்கிய பிறகே ‘விடு’. திறந்திருக்கும்போது கால் எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப வீட்டுக்கு வந்துவிடும். நடுநடுவே ஆயில் டப்பாவில் அளவு குறையாமல் ஊற்றுங்கள். அடுத்த சக்கரத்துக்கு நீங்கள் பெடலில் உட்காருங்கள், அவர் ஸ்பேனர் பிடிக்கட்டும். பேச்சு தானாக வரும், பழைய பாக்கியும் சேர்ந்து வரும்!

கேள்வி: பிரேக் ஆயிலில் டாட் 5, டாட் 5.1. இடையில் புள்ளி ஒன்றுதானே, கலந்து ஊற்றலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. டாட் 5 சிலிக்கான். 5.1 கிளைக்கால், டாட் 4-க்குப் பங்காளி. கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரமேறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அது ஆவியானால் பெடல் தரையைத் தொடும். பெயின்ட்டையும் அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஆறினால் விடுகிறது. காத்துக் கருப்பா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒரு மில்லிமீட்டர் பேய்! பெடலின் புஷ் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் அந்த அளவு இடைவெளி வேண்டும். ராடை நீளமாகத் திருகிவிட்டால் பிஸ்டன் முழுசாகப் பின்வாங்காது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் குட்டித் துளை அடைபட்டே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் போக வழியில்லாமல் பேடைத் தள்ளும். லாக் நட்டைத் தளர்த்தி ராடைக் குறையுங்கள். எலுமிச்சம்பழம் ரசத்துக்கு உதவும்.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படிக் கட்டிய காரை ரோட்டில் ஓட்டலாமா?
– வாசகர், சென்னை

பதில்: மத்திய மோட்டார் வாகன விதி 126, மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. ஒற்றைக் காருக்கு அது கட்டுப்படியாகாது. பந்தயத் தடத்தில் ஓட்டத் தடையில்லை. ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கரிவரதன் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் தடமே இருக்கிறது. மாணவர்களின் ஃபார்முலா போட்டிகளில் பிரேக் சோதனைக்கு விதி எளிது: நாலு சக்கரமும் லாக் ஆகி, வண்டி நேராக நிற்க வேண்டும். தேறாத வண்டி எவ்வளவு வேகமானாலும் ஓட்டத்துக்குக் கிடையாது.

கேள்வி: முதல் ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் யாரை உட்கார வைக்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: யாரையும் வேண்டாம். நின்ற வண்டியில் பெடலை ஒரு நிமிடம் ஓங்கி மிதித்துப் பிடியுங்கள், மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பிறகு காலி மைதானத்தில் நடை வேகத்தில் ஆரம்பியுங்கள். எல்லாம் தேறியதும், வண்டி கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்த யாராவது தானாக வந்து ஏறினால் அதுதான் சான்றிதழ்.