வௌவால் பிடி படலம்

2018 மே மாதம் கேரளத்தில் ஒரு கிணறு மாட்டிக்கொண்டது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவுக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் அடுத்தடுத்துச் சாவு. வௌவால் சுமக்கும் நிப்பா வைரஸ் என்று புனே ஆய்வகம் சொல்லிவிட்டது. அரசுக் கணக்கில் 17 பேர் போனார்கள்; நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினியும் போனார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு, அதற்குப் பிறகு வௌவாலைத் தேடிப் போனவர்களின் கதையில் இருக்கிறது.

அந்த வீட்டுக் கிணற்றுக்குள் வௌவால் இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிணற்றை வலைபோட்டு மூடினார்கள். உள்ளே இருந்ததைப் பிடித்து, ஊர்ப் பன்றி, ஆடு, மாடுகளின் மாதிரிகளோடு போபாலில் உள்ள கால்நடை நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். திருவனந்தபுரத்து அதிகாரிகள் முதல் தொலைக்காட்சி நிருபர்கள் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முடிவு வந்தது: எதிலும் வைரஸ் இல்லை. கிணற்றில் இருந்தவை பூச்சி தின்னும் வௌவால்கள். மாம்பழத்தை மூக்கருகே கொண்டுபோய் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சாதி. நிப்பாவைச் சுமப்பதோ மரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி. அது இத்தனை அமளியையும் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் படலம் மலேசியாவில் அதற்கு 20 வருஷத்துக்கு முன்பே அரங்கேறிவிட்டது. 1998இல் பன்றிப் பண்ணைக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவுகட்டி, கொசுவுக்குப் புகை போட்டார்கள், பன்றிக்குத் தடுப்பூசி போட்டார்கள். கொசு செத்தது, காய்ச்சல் சாகவில்லை. 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர் இது புது வைரஸ் என்று கண்டுகொண்டு, மாதிரியைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். இன்றைக்கு விமான நிலையத்தில் ஊறுகாய் பாட்டிலையே பிடுங்கிக்கொள்கிறார்கள். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர் அந்த வைரஸுக்குப் போனது. 105 மனிதர்கள் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

பிறகு வௌவால் வேட்டை. 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். சிலவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது, அதாவது வைரஸ் வந்துபோன தடம். வைரஸ் மட்டும் கிடைக்கவில்லை. சுவா வேறு வழி பார்த்தார். தியோமான் தீவில் வௌவால் அடையும் மரங்களுக்கு அடியில் இரவில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். ஊர் மேய்ந்துவிட்டு விடியலில் திரும்பும் வௌவால் முதலில் என்ன செய்யும்? மூத்திரம் பெய்யும். அந்தச் சொட்டுகளைத் துடைத்தெடுத்தார்; கடித்துப்போட்ட பழங்களையும் பொறுக்கினார். மூத்திரத்திலும் இருந்தது, எச்சில் பழத்திலும் இருந்தது நிப்பா. வலையும் வேண்டாம், கடியும் வேண்டாம். வைரஸ் ஆராய்ச்சியின் வரலாற்றில் இத்தனை மரியாதையோடு மூத்திரத்துக்குக் காத்திருந்தவர்கள் குறைவு.

ஆனால் தொண்டையிலிருந்து மாதிரி எடுக்க, ஆளைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். 2018இல் பேராம்பிராவுக்கு வந்த புனே தேசிய வைராலஜி நிறுவனத்தார் மெல்லிய வலை கட்டினார்கள். இதற்கான சீருடையைக் கேளுங்கள்: உடல் மூடும் அங்கி, என்95 முகக்கவசம், கண்ணாடி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கையுறை. கடித்தால் வெறிநாய்க்கடி மாதிரியான ஆபத்து என்பதால் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி. கேரளத்துப் புழுக்கத்தில் இதைப் போட்டுக்கொண்டு, ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை விரிக்கும் பிராணியின் வாயைத் திறந்து பஞ்சால் தொண்டையைத் தடவவேண்டும். பின்பக்கத்திலும் தடவவேண்டும். 52 வௌவால்களில் 10இல் வைரஸ் கிடைத்தது. மனிதர்களிடம் கிடைத்ததோடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்தியது. வழக்கு முடிந்தது என்று நினைப்பீர்கள். வௌவாலிடமிருந்து முதல் நோயாளிக்கு அது எப்படிப் போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தெரியாத இடத்தில் பழத்தின்மேல் பழி விழும். 2018இல் கேரளத்துப் பழங்களுக்கே வளைகுடாவில் தடை. 2021இல் நிப்பா திரும்பி வந்தபோது சாத்தமங்கலத்தில் ரம்புத்தான் மாட்டியது; கூடவே ஓர் ஆடும். 2024இல் பாண்டிக்காட்டில் அம்பழங்காய். மரத்தை வெட்டு, கூட்டத்தை விரட்டு என்ற குரல் ஒவ்வொரு தடவையும் எழும். விரட்டினால் வௌவால் மிரண்டு இன்னும் அதிகமாக வைரஸைக் கொட்டும், புது ஊருக்கும் கொண்டுபோகும் என்று அறிஞர்கள் கெஞ்சுவார்கள். தமிழ்நாடு தன் பங்குக்குக் களியக்காவிளை எல்லைச் சாவடியில் ஆட்களை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தது. சாயங்காலமானால் அந்தச் சாவடிக்கு மேலாகவே பழந்தின்னிகள் பறக்கும். நெற்றியில் வைத்துப் பார்க்கக் கருவி எட்டாது.

சட்டம் முன்பெல்லாம் இந்தப் பழந்தின்னியை எங்கே வைத்திருந்தது தெரியுமா? 1972 வனவிலங்குச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், காக்கை, எலி, சுண்டெலி வரிசையில் தீங்குயிராக. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்றிருந்தது. 2022இல் கொண்டுவந்த திருத்தம் அந்த அட்டவணையையே தூக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. முட்டாள்கள் தினம்தான், ஆனால் இது நிஜம். ஐந்தே மாதத்தில், செப்டம்பரில், கோழிக்கோட்டில் நிப்பா மறுபடி வந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னக்கல்லில் வைரஸுக்கென்றே மாநில அரசு ஓர் ஆய்வு நிறுவனத்தைக் கட்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் முதல்வர் திறந்துவைத்தது. ஆனாலும் அந்தச் செப்டம்பரில் புனேக்காரர்கள் நடமாடும் ஆய்வகத்தோடு கோழிக்கோட்டுக்கு வந்திறங்கினார்கள், கூடவே வலையும்.