பிராது சாஸ்திரமும் புள்ளியியல் மேற்படிப்பும்

புள்ளியியல், தரவு அறிவியல், கணினி அறிவியல் என்னும் மூன்றனுள் ஏதேனும் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் வேண்டி, புரட்டாசி தொடங்கிப் பங்குனி முடிய உறக்கத்தை ஒருவாறு துறந்து, பல தேசத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பம் விடுத்தவண்ணம் இருக்கும் இளைஞர் கூட்டம் நம் நாட்டில் பெருகியிருப்பதை அறியாதார் இலர். ஆயினும், இவ்விண்ணப்பக் கலை எங்கே தோன்றியது, எங்கே பூரணத்துவம் பெற்றது என்பதை அறிஞர் எவரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கப் புகுந்த இச்சிறு ஆராய்ச்சி, அக்கலையின் மூலஸ்தானம் அமெரிக்காவும் அன்று, இங்கிலாந்தும் அன்று, மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் எழுந்தருளியிருக்கும் விருத்தாசலமே என்று நிறுவ முயலும்.

இவ்வூரை வெளியூரார் அறிந்திருப்பது பீங்கானால். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிக் கிடைக்கும் வெள்ளைக் களிமண் இங்கு வந்து ப்யூஸ் கேரியராகவும் அகல் விளக்காகவும் கொலு பொம்மையாகவும் வெந்து வெளியேறுகிறது. அத்தொழிலைக் கற்பிக்க அரசினர் கல்வி நிலையம் ஒன்றும் உண்டு. மண்ணுக்குப் பேர்போன ஊரில் எண்ணுக்கு என்ன வேலை என்று வினவுவோர், காசிக்கு வீசம் கூட என்று இவ்வூரார் தம் க்ஷேத்திரத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதைச் சிந்திக்க வேண்டும். பிற ஊரார் தத்தம் ஊரை வாய்க்கு வந்தபடி புகழ்ந்திருக்க, இவர்கள் மட்டும் பதினாறில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 6.25, என்று தசம ஸ்தானம் பிசகாமல் கணித்து நிறுத்திக்கொண்டார்கள். இத்தகைய நிதானம் புள்ளியியல் உதிரத்தில் ஊறியவர்களுக்கு அல்லாமல் வாராது.

இதனினும் வலிய பிரமாணம் பெரிய புராணத்தில் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்தில் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பதை யாவரும் அறிவர். ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்பதையும், குளத்தில் எடுத்ததை அதனோடு உரைத்துப் பார்த்து மாற்றுக் குறைவதைக் கண்டார் என்பதையும்தான் பலர் கவனிப்பதில்லை. மாதிரி எடுத்து மொத்தத்தைச் சோதிக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு முடிவு கட்டலாமா என்று ஆட்சேபிப்போருக்கு, அடியாருக்கும் ஆண்டவனுக்கும் நடுவே நம்பிக்கை இடைவெளி என்பது கிடையாது என்பதே விடை. நிற்க, இக்காலத்து விண்ணப்பதாரரும் தந்தையின் பொன்னை இங்கே ஆற்றில் இடத்தான் செய்கிறார். எந்தக் குளத்தில் தேடுவது என்பது மட்டும் அவருக்குத் தெரிவதில்லை.

சூளைக்கும் புள்ளியியலுக்கும் உள்ள உறவை ஜப்பானியர் நன்கு அறிவர். 1953-ஆம் ஆண்டில் இனா என்னும் ஓடு செய்யும் நிறுவனத்தில், உலையின் வெப்பம் எங்கும் ஒரே சீராக இல்லாமையால் ஓடுகள் பல அளவில் வெந்து வருவதாகக் கண்டு, உலையை இடித்துக் கட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டுமாதலால், களிமண்ணில் சேரும் பொருள்களின் விகிதத்தை முறைப்படி மாற்றிச் சோதித்து, சுண்ணாம்புக் கல்லின் அளவை நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்தாகக் கூட்டிய அளவில் அக்குறையை அடக்கினார்கள். அச்சோதனையோடு பெயர் இணைந்த கெனிச்சி தகுச்சி அடுத்த ஆண்டே, மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வருகை தந்தார். கல்கத்தா வரை வந்தவர் விருத்தாசலத்துக்கும் வந்திருந்தால், உலையின் ஓரத்து விளக்கும் நடுவிலுள்ள விளக்கும் ஒன்றுபோல் வேகா என்னும் உண்மையைச் சூளைக்காரர் எவரும் அவருக்குக் கூலியின்றியே கூறியிருப்பர். அதற்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று பெயர் சூட்டாத ஒரே காரணத்தால் அவர்களுக்குப் பட்டம் தவறிப்போயிற்று.

இனி விண்ணப்பத்தின் அங்கங்களை நோக்குவோம். முதலாவது, நான் ஏன் இதைக் கற்க விரும்புகிறேன் என்று விண்ணப்பதாரர் தம்மைத் தாமே வியந்து எழுதும் நோக்க அறிக்கை. குழந்தைப் பருவத்திலேயே எண்களின்மேல் எனக்குத் தீராத மோகம் என்று தொடங்குவது இதன் இலக்கணம். முன்னே இடம் பெற்ற அண்ணன் ஒருவர் எழுதியதைத் தம்பியரும் தங்கையரும் வரிசையாக வாங்கி ஊர் பெயரை மட்டும் மாற்றுவர். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை வார்த்துக் கொலு பொம்மை எடுப்பவர் இவ்வகை இலக்கியத்தின் கதியை உடனே உணர்வர்: அச்சு பழசாகப் பழசாக முதலில் மழுங்குவது கிருஷ்ணனின் மூக்குத்தான், பிறகு விரல்கள், கடைசியில் வெளிவருவது கிருஷ்ணனா செட்டியாரா என்பது வர்ணம் அடித்த பின்னரே நிச்சயமாகும். நவராத்திரிக்குப் பொம்மைகள் ஊரை விட்டுப் புறப்படும் பருவமும், நோக்க அறிக்கைகள் எழுதத் தொடங்கும் பருவமும் ஒன்றாயிருப்பதைத் தற்செயல் என்று தள்ள என் மனம் இசையவில்லை.

இரண்டாவது அங்கம் சிபாரிசுக் கடிதம். இதிலும் விருத்தாசலம் அடங்கிய பழைய தென்னார்க்காடு ஜில்லாவே முந்திக்கொண்டது. 1910-இல் சீனிவாச ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு திருக்கோயிலூருக்குச் சென்று, அங்கே துணைக் கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவருமான வி. ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை தர மறுத்து, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். கேட்டதைக் கொடாமல் கேளாததைக் கொடுத்த அக்கடிதங்களே சிபாரிசுக் கடிதத்தின் ஆதர்சம் என்பது என் துணிபு. 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியதையும் நோக்க அறிக்கை என்றே கொள்ளலாம். மதிப்பெண் பட்டியல் இல்லை, கட்டணம் இல்லை, மோகம் பற்றிய பேச்சும் இல்லை, தேற்றங்களே நிறைந்திருந்தன. இக்காலத்து விண்ணப்ப இயந்திரம் அதை முழுமையற்றது என்று சொல்லித் திருப்பியிருக்கும்.

நம் நாட்டு மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2019 முதல் புள்ளியியலுக்கும் 2024 முதல் தரவு அறிவியலுக்கும் தனித் தாள் இருக்க, விண்ணப்பக் கலை எதற்கு என்பது பூர்வபட்சம். தேர்வெழுதிச் சேர்வோர் நம் ஆராய்ச்சிக்குப் புறம்பானவர் என்பதே சித்தாந்தம். மேலே செல்வோம்.

இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை மணவாளநல்லூரில் இருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த அவ்வூரில் சுயம்புவாக, கண்ணும் முகமும் அமையாத பலிபீட வடிவில் எழுந்தருளியுள்ள கொளஞ்சியப்பருக்கு, குறையுடையோர் தம் பெயர், ஊர், வழக்கு யாவும் காகிதத்தில் எழுதிப் பிராது கொடுக்கிறார்கள். அதைச் சந்நிதியில் வைத்துப் பூசித்தபின் முனியப்பர் சந்நிதியில் கட்டிவிடுகிறார்கள். சேர்க்கைக் குழுவும் விண்ணப்பதாரருக்கு முகம் காட்டுவதில்லை என்பது நினைவிருக்கலாம். ஒற்றுமை அவ்வளவோடு முடிகிறது, பிற எல்லாவற்றிலும் மணவாளநல்லூரின் முறையே மேலானது. பிராதுக்கு, மனுதாரரின் ஊரிலிருந்து கோயில் வரையுள்ள தூரத்தைக் கணக்கிட்டுக் கிலோமீட்டர் வாரியாகப் படிப்பணம் செலுத்துவர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுள் பலவோ அடுத்த தெருக்காரரிடமும் விருத்தாசலத்தாரிடமும் நூறு டாலரை ஒட்டி ஒரே தொகையை வசூலிக்கின்றன. பிராதுக்கு மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாதத்தில் தீர்வு கிடைக்கும் என்பது நம்பிக்கை. டிசம்பர் முதல் தேதி விண்ணப்பித்தவரோ மாசி மகத் தேர் நிலைக்கு வந்த பின்னும் மின்னஞ்சலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். மறுப்புக் கடிதமோ, இவ்வாண்டு வழக்கத்திற்கு மாறாகத் தகுதி மிக்கோர் பலர் விண்ணப்பித்தனர் என்று ஆண்டுதோறும் தெரிவிக்கிறது. சராசரி இன்னதென்று அறிந்த புள்ளியியல் துறையினரே எல்லா ஆண்டும் சராசரிக்கு மேற்பட்டது என்று கையொப்பமிடுவது எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றினும் சிறந்தது ராஜினாமா. குறை தீர்ந்ததும் மனுதாரர் திரும்பி வந்து, என் வழக்கு முடிந்தது, பிராதை விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலன்றி அவ்வியவகாரம் முற்றுப்பெறாது. பல்கலைக்கழக உலகில் இதற்கு நிகரான சடங்கு இல்லாமையால், ஓரிடத்தில் சேர்ந்து பாடம் கேட்கத் தீர்மானித்துவிட்டவர், உதவித்தொகையுடன் வந்த வேறு மூன்று இடங்களை, பதில் சொல்லக் கெடுவான ஏப்ரல் 15-ஆம் தேதி வரை மடியில் கட்டிக்கொண்டு வாளாவிருக்கிறார். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் வீட்டில் அதுவரை அடுப்பெரிவது குறைகிறது. ஆதலால், தூரத்திற்கேற்ற கட்டணம், தொண்ணூறு நாள் கெடு, கட்டாய ராஜினாமா ஆகிய மூன்றையும் சேர்க்கைக் குழுக்கள் மேற்கொள்ள வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் பரிந்துரை.

அவை மேற்கொள்ளும் வரை, மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடம் கிடைத்து, விசாவும் கிடைத்து, பெட்டி கட்டும் அவசரத்தில் பிராதை மறந்து விமானம் ஏறிவிட்டவர்கள், ஊரிலிருக்கும் தந்தையாரையாவது ஒருநாள் மணவாளநல்லூருக்கு அனுப்பி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.