மணல்மேட்டு மாவீரன்

சிதம்பரம் மேல வீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ பிறந்து வளர்ந்து, மாஸ்டர்ஸ் படிக்க ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போன பிள்ளையை இப்போது எந்தச் சொந்தக்கார வட்டத்திலும் பார்க்கலாம். போன சில மாதங்களில் அவனுடைய வாட்ஸ்அப் படம் மாறிவிடும். பெர்த்துக்கு வடக்கே 120 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் லான்சலின் மணல்மேட்டு உச்சியில் கறுப்புக் கண்ணாடியும் அரை டவுசருமாக நிற்பான். கையில் மெழுகு தடவிய சறுக்குப் பலகை. அடுத்த படம் பினக்கிள்ஸ் பாலைவனத்தில், ஆளுயரத்துக்கும் மேலான சுண்ணாம்புக்கல் தூண் ஒன்றின் பக்கத்தில். அதற்கடுத்தது ராட்னெஸ்ட் தீவில், குவாக்கா என்ற குட்டி விலங்கோடு கன்னத்தை உரசாத குறையாக. இதே ஆசாமி ஊரில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் செய்த அதிகபட்சச் சாகசம், ஆனித் திருமஞ்சனத் தேரோட்டத்தில் கூட்டத்துக்குள் நுழைந்து வடத்தைத் தொட்டுக் கும்பிட்டது. சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறான். அதுவும் பள்ளிக்கூடச் சுற்றுலா. படகின் நடுவில் உட்கார வைத்து, "கைய வெளிய நீட்டுன, அடுத்த டூர் கிடையாது" என்று வாத்தியார் அதட்டியதுதான் அவனுக்கு நினைவிருக்கிறது. சுரபுன்னை வேர்கள் நினைவில் இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் இதைப் பகட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். "இங்க இருக்கறது மண்ணு, அங்க இருக்கறது மட்டும் சர்க்கரையா?" என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அது சரியான தீர்ப்பாகப் படவில்லை. பையன் தேடிப் போனது பாலைவனத்தையே அல்ல; தன்னை யாருக்கும் தெரியாத ஓர் இடத்தை. கடலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு அவன் சைக்கிள் மிதித்தால் வழியில் அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர், பெரியப்பாவுக்கு வீடு பார்த்துக்கொடுத்த புரோக்கர் ஒருவர், அக்காவின் மாமனார் என்று குறைந்தது மூன்று சோதனைச் சாவடிகள். அவன் கால் நனைவதற்குள் வீட்டுக்குப் போன் வந்துவிடும்: "ஒண்ணுமில்ல சார், தம்பி பீச்சுல தனியா நின்னுக்கிட்டு இருந்தாப்ல. வீட்ல ஏதும் பிரச்சினையா?" நம் ஊரில் ஒரு வாலிபன் தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும்: அரியர், இல்லையென்றால் காதல். காற்று வாங்குவது மூன்றாவது காரணமாக இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. பெண்பிள்ளை என்றால் இந்தச் சாவடிகள் இரண்டு பங்கு; அதனால்தான் லான்சலின் மேட்டில் அவனைவிட உரக்கக் கத்திக்கொண்டு சறுக்குகிறவள் நெய்வேலிக்காரப் பெண்ணாக இருக்கிறாள். அங்கே அவர்கள் தலைகுப்புற உருண்டு வாய் நிறைய மணலோடு எழுந்தாலும், "யாரு வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

காசு வந்ததும் துணிச்சல் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று ஒரு கட்சி உண்டு. காசு எங்கே வந்தது? மாணவர் விசாவில் இருப்பவன் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். ஹோட்டலில் தட்டுக் கழுவிச் சேர்த்ததில் பெட்ரோலுக்கு நாலு பேர் பங்கு போட்டு, யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு, ராத்திரிக்கு நூடுல்ஸைத் தின்றுவிட்டுக் குளிரில் சுருண்டு கிடக்கிறான். அந்தச் செலவில் ஒரு பங்கு போதும், பிச்சாவரத்தில் நண்பர்களோடு படகு எடுக்க.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்பவர்களை அப்படித் தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் இந்தக் கரை என்ன பாடுபட்டது என்பதும், 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரை எப்படிச் சாய்த்துப் போட்டது என்பதும் பெற்றவர்களுக்கு மறக்காது. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டு, இந்த இரண்டு கொடிக்கும் நடுவில் குளி என்கிறார்கள். நம் பக்கம் குளிக்காதே என்று பலகை வைத்துவிட்டால் கடமை முடிந்தது. இது நியாயமான குறை. ஆனால் நம் வீரன் கொடிக்கு நடுவில் நிற்கிறவனா என்று பாருங்கள். ஆளரவமற்ற சாலையில் சிக்னல் போய்விட்டது என்பதை அவன் ஆபத்தாகச் சொல்வதில்லை, அந்தப் பயணத்தின் முக்கிய அழகாகச் சொல்கிறான். அம்மா வீடியோவில் கூப்பிட்டபோது கிடைக்காததற்கு அவன் தரும் விளக்கம் "லைப்ரரில இருந்தேன்மா". மணல்மேட்டுப் படங்கள் நண்பர்கள் குழுவுக்குப் போகும். குடும்பக் குழுவுக்கு வருவது பல்கலைக்கழக வாசலில் பையோடு நிற்கும் படம். அதற்கும் சித்தி, "வெயில்ல நிக்காதப்பா, கறுத்துட்ட" என்று எழுதுகிறார்.

வீரம் அவன் உடம்போடு ஒட்டியதல்ல என்பதற்கு அவன் லீவில் வருவதே சாட்சி. அதே கால், முன்பைவிட நல்ல செருப்பு, கையில் டாலர். ஆனாலும் சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் ஆள் பழையபடி ஆகிவிடுகிறான். பிச்சாவரம் போகலாம் என்று அவன் வாய் தவறிச் சொன்னால், வேனில் பதினெட்டுப் பேர் ஏறுகிறார்கள், புளியோதரைத் தூக்கும் ஏறுகிறது. படகுத்துறையில் அத்தை அவனுக்கு உயிர்காப்புச் சட்டை மாட்டி, பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, நடுவில் உட்கார வைக்கிறார். இந்தியப் பெருங்கடலில் குதித்து மீன் பார்த்தவன், தன் சொந்த ஊர்க் கழியில் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து வருகிறான். படகோட்டி, தில்லை மரத்தைக் காட்டி அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று சொல்லும்போது, "அந்தப் பக்கம் போகாதப்பா" என்று அத்தை படகோட்டியையே தடுக்கிறார்.

இதற்கு அவன் கோழைத்தனம் காரணமில்லை, ஊர்தான் காரணம் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகருக்குப் போனால் போதும். 1929-ல் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கும் இடம் அது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிய பையனைக் கேளுங்கள். சாமியார்பேட்டைக் கடற்கரையில் பௌர்ணமி ராத்திரி, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம், பிச்சாவரத்தில் எந்த வாய்க்கால் எங்கே குறுகும் என்பது வரை ஒப்பிப்பான். இதே பையனுடைய ஊருக்குப் பக்கத்தில் குதிரைமொழித் தேரி இருக்கிறது: காற்று குவித்து வைத்த செக்கச்சிவந்த மணல்மேடுகள், மேட்டுக்கு மேடு பனை, நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், வற்றாத சுனை. மணல் சறுக்க இதைவிட என்ன வேண்டும்? அவன் அங்கே குடும்பத்தோடு அய்யனாருக்குப் பொங்கலிடப் போயிருக்கிறான். மற்றபடி, "அங்க என்ன இருக்கு, வெறும் செம்மண்ணு" என்பான்.

ஆகவே சிதம்பரத்துக்காரன் பெர்த் வரை போக வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அந்த விடுதி நண்பனின் அக்கா கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போனானானால், முகூர்த்தம் முடிந்த கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேரி மேட்டில் ஏறி உருள்கிறவன் அவன்தான். கூட்டிக்கொண்டு போக வேண்டிய நண்பன் மட்டும் மண்டபத்து வாசலிலேயே நின்றுவிடுவான்: "அங்கனதான் எங்க சித்தப்பா பனங்காடு கெடக்கு, பாத்தாவன்னா வீட்ல போய்ச் சொல்லிருவாவ. நீங்க போயிட்டு வாங்கல."