‘கேக்குதா?’: ஓர் இலக்கண ஆராய்ச்சி

கட்டற்ற மென்பொருள் குழுக்கள் வாரந்தோறும் குரல்வழிக் கூட்டம் நடத்துவது எதற்காக? நிரல் கிட் களஞ்சியத்தில் கிடக்கிறது. பிழைகள் பட்டியலில் வரிசைகட்டி நிற்கின்றன. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்ற சண்டையும் எழுத்திலேயே மூண்டு எழுத்திலேயே ஆறிப்போகிறது. அப்பாச்சி திட்டங்களில், பொது அஞ்சல் குழுவுக்கு வராத முடிவு முடிவே அன்று என்பது நெடுநாள் மரபு. இப்படி எழுத்தால் ஆவனவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், வாயால் மட்டுமே ஆவதாக எஞ்சுவது ஒரே ஒரு தொடர்: ‘ஹலோ, நான் பேசுறது கேக்குதா?’ ஆகவே கூட்டத்தின் உட்பொருள் ‘கேக்குதா’. நிகழ்ச்சி நிரல் அதன் பின்னிணைப்பு. இதை நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். அற்றேல், அரட்டைப் பெட்டியில் ‘ஆடியோ வரல’ என்று எழுதுகிறார்களே எனின், அது விடை, வினா அன்று. வினாவை எழுதிக் கேட்பது காதின் நலத்தைக் கண்ணிடம் விசாரிப்பதாகும்.

ஏனைய உறுப்புகளை முறைக்காகச் சொல்லிவைப்போம். கருவி: ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2003இல் மாணவர் முயற்சியாகத் தொடங்கிய ஜிட்சி, ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் பிறந்த பிக்புளூபட்டன், மற்றும் மம்பிள், மூன்றிலும் ‘கேக்குதா’ ஒன்றே. காலம்: அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளும், ஐரோப்பா கடைசி ஞாயிறன்று தள்ளும், இந்தியா தள்ளவே தள்ளாது, ஆதலால் இந்தியர் ஒரு மணி நேரம் பிந்தி வந்து காலி அறையைப் பார்த்துக் ‘கேக்குதா’ என்பார். பின்னணி ஓசை: குக்கர். குறிப்பெடுப்பவர்: இலர்.

இனி ஹலோ. ‘ஹலோ ஹலோ ஹலோ’ என்பது இரட்டைக்கிளவி அன்று. பிரித்தாலும் பொருள் தருவதால் அடுக்குத்தொடரே. ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கலாம் என்று நன்னூலார் எல்லை வகுத்தார். விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்னும் இடங்களில் அடுக்கும் என்பர் உரைகாரர். கூட்டம் நடத்துபவர் முதல் ஹலோவை விரைவிலும், இரண்டாவதை அச்சத்திலும், மூன்றாவதை வெகுளியிலும், நான்காவதை அவலத்திலும் சொல்கிறார். உவகைக்கு இடமில்லை. ஐந்தாவது ஹலோ இலக்கண வழுவா இணைய வழுவா என்பதில் ஒரு சாரார் ஒன்று கூறுவர், பிறிதொரு சாரார் ஒலிவாங்கியை மூடிவைத்துக்கொண்டு கூறுவர். மாத்திரைக் கணக்கில் ஹலோ மூன்று. ‘ஹலோஒ’ என்று அளபெடுத்தால் நான்கு. ஓபஸ் குறிமுறையோ ஒலியைப் பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புவது. துண்டுகள் வழியில் தொலைந்தால் ‘லோ’ என்று வருவது முதற்குறை, ‘ஹோ’ இடைக்குறை, ‘ஹ’ கடைக்குறை. செய்யுளுக்கே உரியவை என்று கருதப்பட்ட இவ்விகாரங்கள் மோசமான வைஃபைக்கும் உரியன என்பது இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு (காண்க: இதே வாக்கியம், முற்பகுதி). ‘ஹ’ கிரந்த எழுத்து ஆதலின் ‘அலோ’ என்பதே தகும் எனத் தூய தமிழார் தடை எழுப்பலாம். பிரெஞ்சுக்காரர் தொலைபேசியில் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களும் ஆதியில் தமிழரே என்று நிறுவ இன்னும் ஓர் ஆய்வேடு போதும், வழிகாட்டியும் கிடைப்பார்.

தொலைபேசியின் முதற்சொல்லை மெய்யாகவே ஆராய்ந்தவர் இமானுவேல் ஷெக்லாஃப். ஏறத்தாழ 500 அழைப்புகளில், எடுத்தவரே முதலில் பேசுகிறார் என்று கண்டார். ஒன்றே ஒன்று ஒத்துவரவில்லை. அந்த ஒன்றுக்காக விதியையே மாற்றி எழுதி 1968இல் வெளியிட்டார். நம்மவராயின் அந்த அழைப்பை மாற்றியிருப்பார். நிற்க. கூட்டத்தில் அழைத்தவரும் இல்லை, எடுத்தவரும் இல்லை, எல்லாரும் வந்தவரே. எனவே முதலில் பேச எவருக்கும் கடமையில்லை, அல்லது எல்லாருக்கும் உண்டு. இரண்டும் ஒரே நிமிடத்தில் நிகழ்வதைக் காணலாம்.

‘கேக்குதா’ எவ்வகை வினா? நன்னூல் கூறும் ஆறனுள் அறியா வினா என்பது மேலோட்டமான கருத்து (காண்க: மேலே, ‘காண்க’ என்ற இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும், குறிப்பாகப் பின்னும்). விடை எட்டனுள் ‘கேக்குது’ நேர்விடை, ‘கேக்கல’ மறை. கேட்காதவர் கேள்வியை எப்படி அறிந்தார் என்பது தத்துவத் துறையினர்க்கு உரியது. ‘நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?’ என்பது வினா எதிர் வினாதல். ஆயின் பெரும்பாலும் வருவது எட்டனுள் அடங்காத ஒன்பதாம் விடை: மௌனம். இதில்தான் சிக்கல். எதிர்ப்பு எழாவிட்டால் இசைவு என்று கொள்ளும் ‘சோம்பல் இசைவு’ அப்பாச்சியில் முறைப்படி உண்டு. எழுத்தில் அதற்கு வழக்கமாக 72 மணி நேரம் தருவார்கள். குரல் கூட்டத்தில் மூன்று விநாடி. ‘யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?’ என்றதும் விழும் மௌனம் இசைவா, மூடிய ஒலிவாங்கியா, தேநீர் எடுக்கப் போன இடைவெளியா?

கருவி முன்னேறினால் மௌனம் தெளியும் என்பாரும் உளர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யூ.) ஜி.114 பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நன்று, போய்வர 300. நேர்ப்பேச்சில் ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்கும் இடைவெளியோ சுமார் 200 என்கிறது பத்து மொழிகளை அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு. (பத்தில் தமிழ் இல்லை; இடைவெளி கிடைக்கவில்லை போலும்.) ஆகவே தரமான இணைப்பிலும், பதில் வந்துசேருமுன்பே கேட்டவர் அதை மௌனம் என்று கருதி மறுபடி ‘கேக்குதா’ என்கிறார், வழியில் வரும் ‘கேக்குது’ அதன்மேல் மோதி இரண்டும் மாய்கின்றன. பிறகு இருவரும் ‘நீங்க சொல்லுங்க’ என்று ஒருசேரச் சொல்கிறார்கள். கருவி குறையற்றதாயினும் வினா அழியாது என்பது இதனால் பெறப்பட்டது.

கூட்டத்தை முடித்தல் பற்றி இங்கு ஆராயவில்லை. உரையாடலை முடிப்பது எத்தனை கடினம் என்று ஷெக்லாஃபும் சாக்ஸும் 1973இல் நெடிய கட்டுரை எழுதினர். அவர்கள் ஆராய்ந்ததில் ‘எல்லாரும் பை சொல்லியாச்சு, ஆனா இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்’ என்று யாரும் ஒலிவாங்கியைத் திறக்கவில்லை.