பிறந்த ஆண்டுப் போத்தல்

1986இல் பாரிஸில் நான் கோப்பை கழுவிய ரெஸ்ரோரண்டில் இரண்டு விதமான உணவு அட்டைகள் இருந்தன. ஆண்களுக்கு விலை போட்டது, கூட வரும் பெண்களுக்கு விலை போடாதது. வைன் பட்டியல் பெண்களின் கைக்குப் போகவே போகாது. அது தோல் உறை போட்ட தடித்த புத்தகம். 1961, 1966, 1970 என்று ஆண்டுகள் வரிசையாக நிற்கும். எனக்கு எல்லா அட்டையும் ஒன்றுதான். இலக்கங்களைத் தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. அதிலும் வலப்பக்கத்து இலக்கங்கள் என் சம்பளத்தைவிடப் பெரியவை என்பதால் அவற்றைப் பார்ப்பதில்லை.

போத்தல்கள் நிலவறையில் கிடந்தன. குசினியில் வெந்துகொண்டிருந்த எங்களை யாராவது கீழே போய் எடுத்துவரச் சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவோம். அங்கே எப்போதும் 12 பாகை. வெளிச்சம் படாது, அதிர்வு இல்லை, தக்கை காயாதபடி காற்றில் ஈரம். ஒவ்வொரு போத்தலும் தன் குழியில் தனியாகப் படுத்திருக்கும். லாச்சப்பல் பக்கத்தில் நாங்கள் ஆறேழு பேர் இருந்த அறையில் படுப்பதற்கு முறை வைத்திருந்தோம். இரவு வேலைக்காரன் எழும்பிய இடத்தில் பகல் வேலைக்காரன் படுப்பான். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை எங்களுக்கும் வேலை பழையதாவதுதான். ஆனால் எங்களுக்கு யாரும் வெப்பநிலை பார்க்கவில்லை.

வைன் பரிமாறும் பெரியவர் ஒருவர் இருந்தார். கறுப்பு ஏப்ரன், சட்டையில் சின்னத் திராட்சைக் குலை வில்லை. பழைய போத்தலைக் கிடந்தபடியே, மேலே இருந்த பக்கம் மேலேயே இருக்க, கூடையில் கொண்டுவர வேண்டும் என்று கையால் காட்டித்தான் எனக்குச் சொல்லித்தந்தார். பல வருடம் கிடந்த சிவப்பு வைனில் சாயமும் துவர்ப்பும் ஒன்றுசேர்ந்து வண்டலாகி அடியில் படியும். விருந்து முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு நாளைக்கு முன்பே போத்தலை நிமிர்த்தி வைப்பார். பிறகு கழுத்துக்குக் கீழே மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மெல்ல ஊற்றுவார். வெளிச்சத்தில் முதல் கறுப்பு இழை தெரிந்ததும் கை நின்றுவிடும். மிஞ்சிய இரண்டு விரல் வண்டல் குசினிக்கு வரும். சமையல்காரர் சோஸுக்குள் ஊற்றுவார், அவர் மறந்த நாளில் நாங்கள் குடிப்போம். மாரி மழையில் நனைந்த பழைய ஓலைக் கூரையின் வாசம் அதில் இருந்தது. அந்த வாசத்துக்குத்தான் மேலே மேசையில் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறார்கள் என்பது தெரிந்தபோது, எங்கள் ஊர் வீட்டை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

2022இல் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர், அதுவும் பொர்தோக்காரர். கோயில் தாலிகட்டெல்லாம் முடிந்து மாலை விருந்தில் சம்பந்தி மேசைக்கு மட்டுமாவது மகள் பிறந்த ஆண்டு வைன் வைப்பது என்று நான் தீர்மானித்தேன். இந்த நாட்டில் அது நல்ல வழக்கம். நாங்கள் பிள்ளையின் சாதகத்தை எழுதி வைக்கிறோம், இவர்கள் பெட்டி வைன் வாங்கி வைக்கிறார்கள்.

மகள் பிறந்தது 1991.

பொர்தோக்காரர்கள் அந்த ஆண்டைப் பற்றிப் பேசுவதில்லை. முன்னால் 1989, 1990 என்று இரண்டு அமோக ஆண்டுகள். 1991 ஜனவரியில் மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் எவாங் சட்டம் வந்தது. ஏப்ரலில் உறைபனி வந்து மிச்சத்தைக் கவனித்துக்கொண்டது. துளிர்த்திருந்த கொடிகள் ஓரிரு இரவில் கருகின. மறுபடி துளிர்த்துக் காய்த்தவை ஒன்றுபோலப் பழுக்கவில்லை, அறுவடை நேரத்தில் மழையும் கொட்டியது. பெற்றூஸ் தோட்டம் அந்த ஆண்டு தன் பெயரில் வைனே வெளியிடவில்லை. ஜிரோந்து ஆற்றங்கரையை ஒட்டிய தோட்டங்கள் மட்டும், ஆற்றின் வெதுவெதுப்பால், ஓரளவு தப்பின. லத்தூர் அப்படித் தப்பியது. ஆனால் தப்பியதற்கும் சேர்த்து விலை வைத்திருக்கிறார்கள்.

விலையென்றால், பொர்தோவில் விலைதான் சாதி. 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரவரிசை கேட்டபோது, வைன் தரகர்கள் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எது எவ்வளவுக்கு விற்றுவந்தது என்று கணக்கைப் பார்த்து ஐந்து படியாக அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அடுக்கில் மேலே ஏறியது ஒன்றே ஒன்று. 1973இல் மூத்தோன் ரொத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்குப் போனது. ஆணையில் கையெழுத்திட்ட விவசாய அமைச்சர் ஜாக் ஷிராக். குசினியில் நான் கூடையில் வைத்துத் தூக்கிய பெயர்கள் இன்று ஏல அறிக்கைகளில் பங்குச்சந்தை வரைகோடுகளோடு வருகின்றன. அன்றைக்கு அவற்றைக் குடித்தார்கள். நான் கண்ணால் கண்ட சாட்சி. இன்றைக்கு வாங்குகிறவர்களில் பலர் போத்தலைப் பார்ப்பதுகூட இல்லை, அது சுங்கக் கிடங்கிலேயே கிடந்து கைமாறுகிறது.

மகளோ போனில் ஒரு நொடியில் லத்தூரின் விலையைப் பார்த்துவிட்டாள். விலையில்லாத அட்டையின் காலம் முடிந்துவிட்டதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

"என்னப்பா இது, ஒரு போத்தலுக்கு இவ்வளவோ? ஹோல் வாடகையில பாதி."

"நீ ரெண்டு வருசம் முந்திப் பிறந்திருந்தா இதைவிடக் கூட" என்றேன்.

வைன் கடைப் பையன் தாடி வைத்திருந்தான், மகளைவிட இளையவன். முதலில் அவன் எனக்குக் காட்டியது மருந்து சேர்க்காத, வடிகட்டாத, கலங்கலான 'இயற்கை வைன்'. பாரிஸ் இளைஞர்கள் இப்போது அதைத்தான் தேடி வருகிறார்களாம். நான் வேலை செய்த இடத்தில் அப்படிக் கலங்கல் ஒரு கிளாஸில் மேசைக்குப் போயிருந்தால் பெரியவரின் வேலை போயிருக்கும். நான் 1991 என்றதும் அவன் முகத்தில் அனுதாபம் வந்தது. அவன் புள்ளிகளையெல்லாம் ஒப்பிக்கத் தொடங்கினான்: நூற்றுக்கு இத்தனை, நூற்றுக்கு அத்தனை. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பிரபலமாக்கிய முறை அது. நான் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, வைன் கழுத்துவரை நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்று பார்த்தேன். இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்றுப் போயிருக்கிறது, புள்ளிகள் உதவாது. இத்தனை வருடம் எங்கே கிடந்தது என்று கேட்டேன். பையன் என்னை மறுபடி ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

எங்கே கிடந்தது என்பது சின்னக் கேள்வியில்லை. 2008இல் நியூயோர்க் ஏலமொன்றுக்கு பொன்சோ தோட்டத்தின் 1945ஆம் ஆண்டு குளோ சென் தெனி வந்தது. பர்கண்டியிலிருந்து லொரன் பொன்சோ நேரே ஏல மண்டபத்துக்குப் போய்விட்டார். ஏனென்றால் அவர் குடும்பம் அந்த வைனைச் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். விற்கக் கொடுத்த ரூடி குர்னியவானுக்கு 2014இல் பத்து வருடச் சிறை கிடைத்தது. அவர் குசினியில் கலந்து ஒட்டிய போத்தல்களைக் குடித்துக் கண்ணை மூடித் தலையாட்டியவர்கள் எத்தனை பேரோ.

ஆண்டு கெட்டுப்போனால் ஊரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். அதே 1991 ரோன் பள்ளத்தாக்கின் வட பகுதியில் நல்ல ஆண்டு. அந்தப் பக்கத்துக் கோத் ரொத்தி ஒன்று எடுத்தேன். இனிப்புக்கு, தெற்கே ஸ்பெயின் எல்லைப் பக்கத்து ரிவ்சால்த். புளித்துக்கொண்டிருக்கும் சாற்றில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால் இனிப்பு அப்படியே தங்கும். பிறகு எத்தனை பத்தாண்டு கிடந்தாலும் அசையாது. முப்பது வயது, விலை ஐம்பது யூரோவுக்குள். பிரான்ஸில் இதைவிட மலிவாக முதுமையை வாங்க முடியாது.

ரிவ்சால்த் ஊரில் ஒரு முகாமும் இருந்தது. தப்பி வந்த ஸ்பானியக் குடியரசுக்காரர்கள், பிறகு யூதர்கள், 1962 முதல் அல்ஜீரியாவிலிருந்து வந்த, பிரெஞ்சுப் படையோடு நின்ற ஹார்க்கிகள் என்று வரிசையாக அடைத்து வைத்த இடம். 1942இல் அங்கிருந்துதான் யூதர்களை ரயிலேற்றினார்கள். 2015இல் நினைவகம் திறந்தார்கள். லேபலில் அந்தப் பெயரைப் பார்த்து மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விருந்து நாளில் எங்கள் ஆட்கள் வழக்கம்போல விஸ்கியோடு உட்கார்ந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியப்பா பதினெட்டு வருடப் போத்தலைத் தடவிக்கொண்டிருந்தார். விஸ்கி பீப்பாவில்தான் பழசாகும், போத்தலுக்குள் வந்தபிறகு அதற்கு வயது ஏறாது, வைனுக்கு மட்டும் போத்தலுக்குள்ளும் ஏறும் என்று நான் விளக்கத் தொடங்க, "நீ இன்னும் அந்தக் கடையில தானோ வேலை?" என்றார்.

சம்பந்தி கோத் ரொத்தியை மரியாதையாகக் குடித்தார். பொர்தோக்காரர் பொர்தோ இல்லையே என்று மனம் நோவாரோ என நான் மெல்லக் கேட்க, "அதெல்லாம் எங்களுக்குக் கட்டாது, நான் லுவார் வைன்தான் குடிப்பேன்" என்று சிரித்தார்.

கேக் வெட்டியதும் ரிவ்சால்தைத் திறந்தேன். பெரியப்பாவுக்கும் ஒரு சின்னக் கிளாஸ். ஒரு வாய் வைத்தார். முகம் மலர்ந்தது.

"தம்பி, இது சோக்காயிருக்கு. என்ன விலை?"

சொன்னேன்.

"அம்பதோ? பிள்ளையின்ர கலியாணத்துக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ உனக்கு?" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு விஸ்கியிடம் போனார்.

தமிழ் ஒரு சொல்லும் புரியாத சம்பந்தி, அநாதையாக நின்ற கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துத் தன்னுடையதற்குள் ஊற்றிக்கொண்டார்.