பொங்கோல் வருது, இறங்குங்க!

பினாங்கில் நல்ல காரை யாரும் நல்லபடியாக விட்டு வைப்பதில்லை. கண்ணாடியைக் கறுப்பாக்குவார்கள், ரிம் மாற்றுவார்கள், புகைக்குழாயைக் கழற்றிவிட்டு ஊரையே எழுப்புகிற ஒன்றை மாட்டுவார்கள். அதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் வருகிற தொந்தரவு, சகித்துக்கொள்ளலாம். காரையே தரையோடு தரையாக இறக்குவது இடுப்புக்கு வருகிற தொந்தரவு. என் அக்கா மகன் அதைத்தான் செய்தான்.

அவன் வண்டி பெரோடுவா பெஸ்ஸா. 2016-ல் வந்தது, பெரோடுவாவின் முதல் செடான். பிள்ளைகுட்டிக்காரனை மனத்தில் வைத்துச் செய்த வண்டி என்பது அதன் 508 லிட்டர் பூட்டைத் திறந்தாலே தெரியும். அதைப் பந்தயக் காராக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் இவனுக்குச் சொன்னானோ!

“டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல நாலு விரல் போகுது மாமா. பாக்கவே அசிங்கமா இல்ல?”

“அந்த நாலு விரல் இடத்துலதான்டா சக்கரம் ஏறி இறங்கி என் இடுப்பைக் காப்பாத்துது” என்றேன். அழகுணர்ச்சி இல்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டான்.

முதலில் இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினான். செலவு கிரைண்டர் தகட்டோடு முடிந்துவிடுமாம். சுருள் குறைந்தால் மிச்சமிருக்கும் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். வண்டியை ஜாக்கில் தூக்கினால் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு நழுவும். இதைச் சொல்லித் தடுத்தேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஹை-லோ அப்சார்பருக்குக் கையில் வெள்ளி இல்லை. கடைசியில் தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டான். நாற்பது மில்லிமீட்டர் இறங்கியது வண்டி. நான்கு விரலில் இரண்டு போச்சு.

நாற்பது மில்லிமீட்டர் எவ்வளவு என்பது பொங்கோலில்தான், அதாவது வேகத்தடையில்தான், தெரியும். இந்தத் தீவில் குடியிருப்புத் தாமான் ஒவ்வொன்றிலும் பொங்கோல், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பொங்கோல். வண்டியில் ஐந்து பேர் இருந்தால் அடிவயிறு உரசும். ஆகவே ஆயர் ஈத்தாமிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நடைமுறை வந்தது. “பொங்கோல் வருது, இறங்குங்க!” என்பான். அக்கா, அவள் மாமியார், நான் எல்லோரும் இறங்கி நடப்போம். வண்டி காலியாகக் குறுக்கே ஊர்ந்து அந்தப் பக்கம் போய்க் காத்திருக்கும். மாமியார் கையில் அர்ச்சனைத் தட்டு வேறு. பார்க்கிறவர்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்து வழிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் இன்னும் மோசம். தேர் போகிற பாதை முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள் அல்லவா? ஒவ்வொரு சிரட்டைக்கும் இவன் பிரேக் போட்டான்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. புது டயர் சில மாதங்களில் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி எட்டிப் பார்த்தது. ஸ்பிரிங் மாட்டிய கடையில் அலைன்மென்ட் பார்க்கவில்லை, இவனும் கேட்கவில்லை. “ஸ்டியரிங் நேராத்தானே இருக்கு?” என்பது இவன் வாதம்.

பெஸ்ஸாவின் முன்சக்கரத்தைக் கீழே லோவர் ஆர்மும் பக்கத்தில் டை ராடும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வண்டி இறங்கும்போது இரண்டும் வளைந்த பாதையில்தான் நகரும். அந்த இரண்டு வளைவும் அப்படியே ஒத்துப்போவதில்லை. ஒன்று கொஞ்சம் கூடுதலாக இழுக்க, சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளும். இதுதான் டோ. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது கேம்பர். கேம்பர் கண்ணுக்குத் தெரியும். பையன்கள் அதை அழகு என்று படம்கூட எடுப்பார்கள். டோ தெரியவே தெரியாது, டயரை அதிகம் தின்பது அதுதான். முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து மூன்று மில்லிமீட்டர் பிசகினால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அக்கரை போய்ச் சேருவதற்குள் முப்பத்து நான்கு மீட்டர் ரப்பரைத் தாரில் தேய்த்தாயிற்று. 1985-ல் அந்தப் பாலத்தில் டாக்டர் மகாதீர் ஓட்டிப் போன புரோட்டோன் சாகாவை யாரும் தாழ்த்தியிருக்கவில்லை என்பது நாட்டின் அதிர்ஷ்டம்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடை முதலாளி தவுக்கே எதுவும் கேட்கவில்லை. குனிந்து டயரின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். ஒரு திசையில் வழவழவென்று போன கை, எதிர்த்திசையில் அரத்தில் பட்டதுபோல் நின்றது. “இனி தாக் போலே லா” என்றார். மலாய் தெரியாதவனுக்கும் அந்த முகத்தைப் பார்த்தால் இது இனி ஆகாது என்று புரிந்திருக்கும்.

வேலை தெரிந்த மனிதர். முதலில் காற்றைப் பார்த்தார், சக்கரத்தைப் பிடித்து ஆட்டி பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு லோவர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் காலில் நிற்கும்போது மறுபடி முடுக்கினார். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முடுக்கினால் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், நாளாவட்டத்தில் கிழியும். முந்தைய கடைக்காரர் அப்படித்தான் முடுக்கியிருந்தார். பின்னால் டார்ஷன் பீம். அங்கே திருப்புவதற்கு ஒன்றும் இல்லை, அளந்து பார்த்துக்கொள்ளலாம். முன்னால் கேம்பர் போல்ட் போட்டுச் சாய்வைக் குறைத்தார். டோவைக் கடைசியில்தான் தொட்டார், கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால்.

நடுவில் என்னைக் கூப்பிட்டு வண்டிக்குள் உட்காரச் சொன்னார். எப்போதும் ஏறுகிற ஆளின் எடை உள்ளே இருக்க வேண்டுமாம். அன்றுதான் என் தொந்திக்கு ஒரு தொழில்நுட்ப மரியாதை கிடைத்தது.

அசல் ஸ்பிரிங்குகள் நான்கும் இப்போது அக்கா வீட்டுக் கட்டிலுக்கடியில் எண்ணெய் பூசி, நாளிதழில் சுற்றிப் பத்திரமாக இருக்கின்றன. அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். விற்றுப் பெயர் மாற்றும்போது வாகனச் சோதனையும் உண்டு. அன்றைக்கு அவை திரும்ப வண்டிக்கு ஏறும். பெஸ்ஸா பிறந்த உயரத்தோடு, ஒன்றும் அறியாத முகத்தோடு போய் நிற்கும்.

தம்பிமார்களே, தாழ்த்தாதீர்கள் என்றால் கேட்கப்போவதில்லை. பேரம் பேசுவதென்றால் ஸ்பிரிங்குக்குப் பேசுங்கள், அலைன்மென்ட்டுக்குப் பேசாதீர்கள். சில வாரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்தபின் இன்னொரு முறை பாருங்கள். மாதத்துக்கொரு தடவை டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவுங்கள். அதுவும் முடியாது என்றால் கோயிலுக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள். தண்ணீர்மலைக்கு ராபிட் பினாங்கு பஸ் போகிறது. அதில் எந்தப் பொங்கோலுக்கும் யாரும் இறங்கச் சொல்வதில்லை.