அன்று எழுத்துரு, இன்று ஸ்டைல்

2000-களின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போக வேண்டும். விண்டோஸ் 98. பெரும்பாலும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் வருவது தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான். அந்தத் தளத்தின் எழுத்துருவைத் தேடி இறக்கி, ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்ட பிறகே தமிழ் தெரியும். அடுத்த தளத்துக்கு வேறு எழுத்துரு. ஆர்வலர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி உருவாக்கிய திஸ்கி என்ற எழுத்துக் குறியீடு ஒரு பக்கம். 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற டாம், டாப் என்ற குறியீடுகள் இன்னொரு பக்கம். பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பிய தளங்களும் உண்டு. அதிலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை.

அந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளவில்லை. எழுத்துரு இல்லையென்றால் தமிழ் இல்லை, போட்டால் வந்துவிடும். பிறகு யூனிகோடு பரவியது, 2010இல் தமிழக அரசும் ஏற்றது. இன்று நம்மூர்ப் பெட்டிக்கடைக்காரரின் போனிலும் தமிழ் தானாக வருகிறது. எழுத்து வந்துவிட்டது. ஆனால் ஸ்டைல் காணாமல் போகிறது.

கல்லூரியில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரிலுள்ள குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு பக்கம் செய்தார்கள். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919, ஒரு டேப். 14ஆம் ஆட்சியாண்டு, 921, இன்னொரு டேப். முதல் கல்வெட்டில் ஊர்ச் சபை உறுப்பினராக வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டே ஆண்டில் சபை தன் விதியைத் திருத்திக்கொண்டதைக் காட்டுவதுதான் பக்கத்தின் நோக்கம். டேப், பட்டன் எல்லாம் ஒரு வெப் காம்பொனென்ட் நூலகத்திலிருந்து எடுத்தவை.

"அண்ணா, லேப்டாப்புல நல்லாத்தான் இருந்துச்சு. சர்வர்ல ஏத்தினதும் எல்லாம் போயிடுச்சு."

டேப்கள் வெறும் எழுத்தாக நின்றன. அழுத்தினால் வேலை செய்தன. எது தேர்வாகியிருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. 35 வயது விதி எந்த ஆண்டுக்குரியது என்று படிக்கிற பிள்ளை எப்படி அறியும்? ஸ்டைலை அலங்காரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே அது தகவல்.

"எஃப் 12 அழுத்தும்மா. நெட்வொர்க்குல சிவப்பா ஏதாச்சும் இருக்கா பாரு."

இருந்தது. நூலகத்தின் தீம் கோப்புக்கு 404, அதாவது கோப்பு கிடைக்கவில்லை. கோப்புப் பெயரில் ஓரிடத்தில் பெரிய எழுத்து, இணைப்பில் சிறிய எழுத்து. விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது; சர்வரிலிருந்த லினக்ஸ் பொருட்படுத்தும். இதில் இன்னொரு பொறியும் உண்டு. சில சர்வர்கள் இல்லாத கோப்புக்கு முகப்புப் பக்கத்தையே அனுப்பி 200 என்று சொல்லிவிடும். அப்போது நெட்வொர்க்கில் சிவப்பு தெரியாது. வந்தது சிஎஸ்எஸ் அல்ல என்று பிரௌசர் மறுத்திருப்பது கன்சோலில் மட்டும் இருக்கும். பிள்ளைகளின் பக்கத்தில் ஸ்கிரிப்ட் சரியாக வந்துவிட்டதால் டேப் இயங்கியது. நிறமும் இடைவெளியும் மாறிகளாகத் தீம் கோப்பில் இருந்ததால் அவை மட்டும் விழுந்தன.

பெயரைத் திருத்தியதும் நிறம் வந்தது. தலைப்பெல்லாம் அவர்கள் தேர்ந்த தமிழ் எழுத்துருவில் இருக்க, பட்டன் மட்டும் வேறு எழுத்துருவில் நின்றது. பிள்ளைகள் பட்டனுக்கென்று ஒரு விதி எழுதி, 'இம்பார்ட்டன்ட்' போட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. உண்மையான பட்டன், காம்பொனென்ட் தனக்கென்று அடைத்துவைத்த 'ஷேடோ டாம்' என்ற பகுதிக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து எழுதும் விதிக்குத் திண்ணைவரைதான் அனுமதி. எழுத்துருவும் நிறமும் மரபாக உள்ளே இறங்கும், ஆனால் காம்பொனென்ட் தனக்கென்று எழுத்துரு அறிவித்திருந்தால் அதுவே வெல்லும். தடையின்றி உள்ளே போவது மாறிகள். நூலகத்தார் 'பார்ட்' என்று பெயரிட்டுத் திறந்துவைத்த பகுதிகளையும் வெளியிலிருந்து தொடலாம். தீமின் எழுத்துரு மாறியில் எங்கள் எழுத்துருவை வைத்ததும் பட்டன் பேச்சைக் கேட்டது. எழுத்துருக் கோப்பின் அறிவிப்பை முதன்மைப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் எழுத வேண்டும். ஷேடோ டாமுக்குள் எழுதினால் பிரௌசர்கள் அதை எடுத்துக்கொள்வதில்லை.

ஷேடோ டாமின் இந்தத் தடுப்பு வேண்டும் என்றே நான் சொல்வேன். ஒருவர் எழுதிய விதி இன்னொருவர் பக்கத்தைக் குலைத்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தம் வேறு. 'ஆட்சியாண்டு' என்ற சொல்லில் 'சி' மேலே வளைகிறது, 'டு' கீழே இறங்குகிறது. ஆங்கில எழுத்தின் உயரத்தை மட்டும் நினைத்து, கறாரான உயரத்தில் செய்த பெட்டிக்குள் அது வெட்டுப்படுகிறது. அன்று நம் எழுத்துக்குக் குறியீட்டு எண் கிடைக்கப் பாடுபட்டோம். இன்று அது நிற்க உயரம் கேட்க வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளே, 'இம்பார்ட்டன்ட்' எழுதும் முன் நெட்வொர்க்கையும் கன்சோலையும் பாருங்கள். நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதன் பட்டனில் ஒரு தமிழ்ச் சொல்லை இட்டுச் சோதியுங்கள். வெட்டுப்பட்டால் சமாளித்து விட்டுவிடாமல், படத்தோடு அந்த நூலகத்தை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.